நாலு மூலையும் வட்டமாக

என் முகத்தில் சீழ் வைத்துவிட்டது. பதற வேண்டாம், கழுத்துக்கு மேலே இருக்கிற முகம் நன்றாகத்தான் இருக்கிறது. நான் சொல்வது என் கணவரின் இடது மார்பில் பச்சை குத்தியிருந்த முகத்தை. காலையும் மாலையும் அதைத் துடைத்து மருந்து போட்டவள் நான். தன் மூக்கிலிருந்து மஞ்சளாக ஒழுகுவதைத் தன் கையாலேயே பஞ்சில் ஒற்றி எடுக்கிற பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்? பார்த்தவர்கள் எல்லாரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் இந்த அசிங்கம் எங்கிருந்து வந்தது என்று புரியாது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன், இவ்வளவுதான் கடை. முன்பக்கக் கவுண்டரும் கேமராவும் லேமினேஷன் மெஷினும் அவருடைய ராஜ்ஜியம். பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு தடுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு கம்ப்யூட்டரும் நானும். வருகிறவர்களின் பருவை அழிப்பேன், பாதி மூடின கண்ணைத் திறந்துவிடுவேன், கோட்டே போட்டுப் பார்க்காதவருக்குக் கோட்டு மாட்டிவிடுவேன். ஊரில் பாதிப் பேரின் முகம் என் கைப்பட்டது. ஆனால் என்னை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் போட்டோவைக் கவரில் போட்டுக் கொடுப்பவர் அவர்.

லேமினேஷன் அவருக்குத் தொழில் என்று சொல்வதைவிட வியாதி என்று சொல்லலாம். வீட்டில் கரண்ட் பில் லேமினேட் ஆகியிருக்கும். வாஷிங் மெஷின் வாங்கிய ரசீது லேமினேட் ஆகியிருக்கும், அந்த மெஷினைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டுபோய் எத்தனையோ வருஷம் ஆனாலும். எங்கள் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவில் ஒரு அழகான இலையைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அதையும் உடனே மெஷினில் விட்டுவிட்டார். இலையில் ஈரம் இருந்தது. உள்ளேயே அழுகி, கறுத்து, கொழகொழவென்று ஆகிவிட்டது. அந்தக் கறுப்பு இன்றைக்கும் எங்கள் ஷோகேஸில் நிற்கிறது. தூக்கிப் போட விடமாட்டார். காற்று படாமல் வைத்தால் எதுவும் கெடாது என்பது அவருடைய வேதம். எதிரே கெட்டுப்போய் நிற்கிறதே என்று நான் கையைக் காட்டினால், வெளியில் இருந்திருந்தால் இதுவும் மிஞ்சியிருக்காது என்பார்.

வேலையில் சுத்தம் என்பதை மறுக்கமாட்டேன். ஒரு காற்றுக் குமிழி இருக்காது. ஓரம் நூல் பிடித்த மாதிரி இருக்கும். கடைசியில் ஒரு சின்ன வெட்டும் கருவியை எடுத்து நாலு மூலையையும் வட்டமாக வெட்டிவிடுவார், சட்டைப் பையில் குத்தக்கூடாது என்று. எங்கள் கடைவீதியில் வேறு யாரும் இந்த மெனக்கெடலை வைத்துக்கொள்வதில்லை. யாராவது ஒரு கார்டை நீட்டினால் மூலையைத் தடவிப் பார்த்தே, இது நம்ம கடை, இது நம்ம கடை இல்லை என்று சொல்லிவிடுவார். அந்த மூலை அவருடைய கையெழுத்து.

இப்படி இருக்கையில் என் அக்கா போன் செய்தாள். அக்கா வேறு ஊரில் தையல் யூனிட் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடச் சட்டைகளின் பாக்கெட்டில் சின்னம் தைப்பதற்கு கம்ப்யூட்டரில் ஓடும் எம்பிராய்டரி மெஷின் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்தாள். படத்தைத் திரையில் வரைந்து தையலாக மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், வந்துவிடு, மெஷின் உன் பொறுப்பு என்றாள். வாரத்தில் ஐந்து நாள் அங்கே, சனி ஞாயிறு இங்கே. அக்கா சொல்லச் சொல்ல அந்த அறையில் பெரிய ஜன்னல் ஒன்று இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன். கேட்டேன். இருக்கிறது என்றாள். மனசு அப்போதே பஸ் ஏறிவிட்டது.

அவரிடம் சொன்னேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன், போடவில்லை. சாப்பிட்டார், கை கழுவினார், சரி என்றார். அக்காவின் யூனிட் இருக்கிற வளாகத்துக்குள் போக வர பாஸ் வேண்டும், அதற்குப் போட்டோ வேண்டும். அவரே என்னை ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தார். தாடையைக் கொஞ்சம் தூக்கு, ரெண்டு காதும் தெரியணும், சிரிக்காதே. இருபது வருஷமாக எல்லாரிடமும் சொல்கிற அதே மூன்று வாக்கியம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கோ போய்விட்டு வந்தவர் என்னை ஹாலில் நிற்கவைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மார்பில் நான் இருந்தேன். சிவந்து வீங்கின தோலில், ரெண்டு காதும் தெரிய, சிரிக்காமல். கழுத்துக்குக் கீழே நேர்க்கோடாக வெட்டியிருந்தது. அந்தப் பாஸ்போர்ட் போட்டோவையேதான் பச்சை குத்துகிற ஊசிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"இனிமே நீ எங்க போனாலும் இங்கதான் இருப்ப," என்றார்.

எனக்குப் பிடிக்கவில்லை. இதை நாகரிகமாகச் சொல்ல வழியிருக்கிறதா என்று அன்றைக்கும் தேடினேன், கிடைக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் முகத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒட்டிக்கொண்டது பிடிக்கவில்லை. அவர் மூச்சு விடும்போது அது மேலும் கீழும் போனது பிடிக்கவில்லை. ஆனால் யாரிடம் சொல்வது? பக்கத்துத் தெருவில் இருக்கிற என் நாத்தனார் ஓடிவந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்க அண்ணன் மாதிரி எவன் செய்வான், என் வீட்டுக்காரருக்கு என் பிறந்தநாளே தெரியாது என்றாள். வெளியூரில் படிக்கிற என் மகள் போட்டோவைப் பார்த்து உருகிப்போனாள். நான் மட்டும் கல்லாட்டம் நின்றேன். அன்புக்கு எதிராக வாயைத் திறந்தால் நம் தலையில்தான் மண் விழும்.

ஊசிக்காரர் சொல்லியனுப்பியது எளிமையான விஷயம். மேலே சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்கை அன்றைக்கே எடுத்துவிடு, சோப்புப் போட்டு மெல்லக் கழுவு, காற்றாட விடு. இதைக் கேட்டு என் கணவருக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. பிளாஸ்டிக் விஷயத்தில் அவருக்கு ஒருவர் பாடம் எடுப்பதா? அந்த மெல்லிய தாளை எடுத்துப் போட்டுவிட்டு, கடையில் இருக்கிற கெட்டி லேமினேஷன் தாளில் சதுரமாக ஒன்று வெட்டி மார்பில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிக் காற்றையெல்லாம் வெளியேற்றியிருக்கிறார். அதன்மேல் பனியன், பனியன்மேல் சட்டை. குளித்தால்கூட அந்த இடத்தில் தண்ணீர் படாமல் குளித்தார். எனக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பக்கமே நான் பார்க்கவில்லை.

அப்புறம் வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. அலமாரிக்குப் பின்னால் எலி செத்திருக்கிறது என்று நினைத்தேன். அலமாரியை நகர்த்தினேன், கட்டிலைத் தூக்கினேன், சிங்க்குக்குக் கீழே கையை விட்டேன். நாற்றம் ஹாலில் இருந்தது, பிறகு சமையலறையில் இருந்தது, பிறகு படுக்கையறைக்குப் போனது. செத்த எலி நடமாடாது. மறுநாள் கடையில், தடுப்புக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தபோது அது என் பின்னாலேயே வந்து நின்று, இந்த போட்டோ ஆச்சா என்று கேட்டது.

அங்கேயே சட்டையைக் கழற்றச் சொன்னேன். பனியன் மார்போடு ஒட்டியிருந்தது. அதைப் பிரித்தால் உள்ளே, நாலு மூலையும் வட்டமாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் சதுரம். மார்பில் ஒட்டப்போகிற தாளுக்கும் மூலை வெட்டியிருக்கிறார் மனுஷர். அந்தச் சதுரத்துக்குள் பழுப்பாக ஏதோ தேங்கி நின்று, அவர் அசைந்தால் அதுவும் அசைந்தது. டேப்பை நான்தான் உரித்தேன். என் கன்னத்தில் ஒரு பகுதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. இடது கண் கொப்புளமாகி மூடியிருந்தது. உதடு தடித்துத் தொங்கியது. மூக்கு இருந்த இடத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு குழி. மை கரைந்து சீழோடு சேர்ந்து காது வழியாக வயிற்றுப் பக்கம் வடிந்தது. எத்தனையோ முகங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தவள் நான். இப்படி ஒன்றை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது.

அவர் குனிந்து பார்க்க முயன்றுகொண்டே, "ஒரு பபுள் கூட இல்லாம போட்டேனே," என்றார்.

தோல் டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. எதை வைத்து மூடினீர்கள் என்று கேட்டார். என் கணவர் தாளின் தடிமன், எந்தக் கம்பெனிச் சுருள், எப்படித் தேய்க்கவேண்டும் எல்லாவற்றையும் விளக்கினார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, மாத்திரை தருகிறேன், களிம்பு தருகிறேன், ஆனால் ஒரே ஒரு மருந்துதான் முக்கியம், அது காற்று என்றார். சட்டைகூட வேண்டாம், மூடவே கூடாது, புண் காய்ந்து பொருக்கு உதிரட்டும்.

அதனால் அவர் வீட்டில் இருந்தார், சட்டையில்லாமல், மின்விசிறிக்குக் கீழே. நான் கடையில் இருந்தேன், முன்னாலும் பின்னாலும். காலையில் எழுந்ததும் என் முகத்தைக் கழுவுவேன், பிறகு என் முகத்தைக் கழுவுவேன். கொதிக்கவைத்து ஆறின தண்ணீர், பஞ்சு, களிம்பு. பொருக்கைப் பிய்க்கக்கூடாது, ஊறவைத்து எடுக்கவேண்டும். பஞ்சு உதட்டின்மேல் போகும்போது என் உதட்டை நான் இறுக்கி மூடிக்கொள்வேன். சோற்றில் கை வைத்தால் விரலிடுக்கிலிருந்து அந்த வாடை வந்தது. சோப்பு மாற்றிப் பார்த்தேன், எலுமிச்சை தேய்த்துப் பார்த்தேன். கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டேன். தலை வார நின்றால் மூக்கில் ஏதாவது ஒழுகுகிறதா என்று கை தானாகப் போய்த் தொட்டுப் பார்த்தது.

அக்காவிடம் கொஞ்சம் பொறு என்றேன். புண் ஆறட்டும், ஆறின மறுநாள் பஸ் ஏறுகிறேன். அக்காவும் சரி என்றாள். அவரிடமும் அதையேதான் சொன்னேன். இது ஆறினதும் நான் கிளம்புகிறேன். நல்ல தெளிவாகச் சொன்னேன். அதுதான் நான் செய்த வேலை.

புண் ஆறவில்லை. ஆறுவது மாதிரி போக்குக் காட்டும், பிறகு மறுபடி கசியும். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, நாள் முழுக்க நான் வீட்டில் இருப்பேன். அன்றைக்குச் சாயங்காலம் பார்த்தால் ஓரமெல்லாம் காய்ந்து இளஞ்சிவப்பாகத் தோல் வந்திருக்கும். அப்பாடா என்று நினைப்பேன். புதன்கிழமை பார்த்தால் பழைய குருடி கதவைத் திறந்திருப்பாள். சுற்றியிருக்கிற தோல் வெளுத்து, தண்ணீரில் வெகுநேரம் கிடந்த விரல் மாதிரி சுருங்கியிருக்கும். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து வேர்க்கிறது போலிருக்கிறது என்று மின்விசிறியை மாற்றினேன். நான் போட்டோவில் கெட்டிக்காரி. நேரில் மக்கு.

டாக்டருக்கும் பிடிபடவில்லை. சர்க்கரை பார்த்தார், இல்லை. சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், மாத்திரையை மாற்றினார். மூடாமல்தானே வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். ஆமாம் டாக்டர், சட்டையே போடுவதில்லை என்பார் இவர். கடைசியாக, மை ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, ஒரு துண்டு தோலை வெட்டி எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். எங்கே வெட்டுவீர்கள் என்று கேட்டேன். நெற்றிப் பக்கம் என்றார். எனக்கு நெற்றி சில்லிட்டது. என் கணவரோ மருந்துக்கடை வாசலில் நின்று, உனக்குத்தான் கஷ்டம் பாவம் என்று சொல்லிக்கொண்டே வேர்க்கடலை கொறித்தார். அந்த முகத்தில் கவலையே இல்லை. தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் அக்காவின் மெஷின் வந்து இறங்கிவிட்டது. ஆர்டரும் வந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உன்னக் கட்டாயப்படுத்தல. ஆனா மெஷின் சும்மா நின்னா எனக்கு சோறு போடாது. திங்கக்கிழமைக்குள்ள வரியா, இல்ல வேற ஆள் பாக்கவா?"

அன்று மாலை மருந்து போடும்போது அவரிடம் இதைச் சொன்னேன். இந்த நிலைமையில் என்னை விட்டுவிட்டுப் போவாயா என்று அவர் கேட்கவில்லை. உன் இஷ்டம் என்றார். சொல்லிவிட்டு, பஞ்சு பட்ட இடத்தில் ஸ் என்று மூச்சை இழுத்தார். வியாழக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் அக்காவுக்குப் போன் செய்து வேறு ஆள் பார்த்துக்கொள் என்றேன். சொல்லி முடித்துத் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, ஒரு பெரியவரின் கோணல் டையை நேராக்கினேன். அழுகை வந்தது. அழுதேன். டை நேராகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போனது. சாயங்காலம்தான் வரும் என்றார்கள். கரண்ட் இல்லாமல் எங்கள் கடை வெறும் கடுதாசிக் குப்பை. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அவர் ஹாலில் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். மின்விசிறி நின்றிருந்தது, ஒரே புழுக்கம். சட்டை இல்லை. மார்பில் பிளாஸ்டிக் இருந்தது. ஒரு குமிழி இல்லை. ஓரமெல்லாம் டேப். நாலு மூலையும் வட்டமாக. பக்கத்தில் டீப்பாயின்மேல் கத்திரிக்கோல், டேப், அந்த மூலை வெட்டும் கருவி, மூன்றும் கடையில் வைப்பது மாதிரியே வரிசையாக. வெட்டி விழுந்த நாலு சின்னத் துண்டுகளைக்கூட ஒரு கடுதாசியில் சேர்த்து வைத்திருந்தார், தரையில் குப்பை ஆகக்கூடாது என்று.

உள்ளே என் முகம் வேர்த்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக்கின் அடியில் ஆவி பிடித்து, துளித்துளியாகத் திரண்டு, ஒரு துளி நெற்றியிலிருந்து மூடின கண் வழியாக வாய்க்கு இறங்கியது. அவர் மூச்சு விட விட அந்த வீங்கின வாய் பிளாஸ்டிக்கில் ஒட்டியது, விட்டது, ஒட்டியது. எனக்கு மூச்சு முட்டியது. ஞாயிற்றுக்கிழமை காய்ந்திருந்ததும் புதன்கிழமை ஊறியிருந்ததும் அப்போதுதான் உறைத்தது. நான் கடைக்குக் கிளம்பியதும் ஒட்டுவார், நான் வருவதற்கு முன் உரிப்பார், கழுவித் துடைத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொள்வார். முதல்தடவை மூடியது மடத்தனம். அதற்கு நான் அவர்மேல் கோபப்பட்டேன், சிரிக்கவும் செய்தேன். இது மடத்தனம் இல்லை.

பையைக் கீழே வைத்த சத்தத்தில் அவர் விழித்தார். விழித்ததும் கை முதலில் போனது பிளாஸ்டிக்கின் ஓரத்துக்கு. எங்கேயாவது தூக்கியிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அவர் என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

முகத்தில் ஈயாடவில்லை. எனக்கே தெரிந்த விஷயத்தை எனக்கு நினைவூட்டுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"ஆறிட்டா நீ போயிடுவ."

ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தியெடுத்தேன். இத்தனை நாள் சீழைத் துடைத்திருக்கிறேன், பொருக்கை ஊறவைத்து எடுத்திருக்கிறேன், கையை மோந்து பார்த்துவிட்டு அதே கையால் சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாளும் வாந்தி வந்ததில்லை. அந்த நாலு வட்ட மூலைக்கு வந்தது. தன் உடம்பை அழுகவைக்கிறதிலும் அத்தனை சுத்தமான வேலை. என் முகத்தைப் புழுக்கத்தில் போட்டு ஊறவைத்துவிட்டு, சாயங்காலம் என் கையிலேயே பஞ்சைக் கொடுத்து, ஸ் என்று மூச்சை இழுத்தாரே, அந்தச் சத்தம் காதில் கேட்கக் கேட்க மறுபடி மறுபடி புரட்டியது. வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாமல் ஆன பிறகும் நிற்கவில்லை. அருவருப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதுவரை தெரிந்தது வெறும் நாற்றம்தான்.

முகம் கழுவிக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன். ஆள் பார்த்துவிட்டாயா என்று கேட்டேன்.

"நீ காலைல சொன்னத நான் காதுலயே போட்டுக்கல," என்றாள்.

அடுத்து நாத்தனாருக்கு. உங்கள் அண்ணன் மார்பில் இருக்கிற பொக்கிஷத்தை இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும், மருந்து அலமாரியில் இருக்கிறது, பிளாஸ்டிக் எங்கே இருந்தாலும் பிடுங்கிவிடுங்கள் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வந்து பார்த்தால் புரியும் என்று வைத்துவிட்டேன். டாக்டருக்கும் சொல்லிவிட்டேன், தோலை வெட்டிப் பார்க்கத் தேவையில்லை, காரணம் கிடைத்துவிட்டது, நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று. நீங்க போயிட்டு வாங்கம்மா என்றார் அவர்.

துணி எடுத்துவைக்க அதிக நேரம் ஆகவில்லை. அவர் படுக்கையறை வாசலில் வந்து நின்றார். பிளாஸ்டிக்கை எடுத்திருந்தார். கைக்குட்டையை மார்பில் வைத்து அழுத்தியிருந்தார், அதன் ஓரத்தில் பழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. தப்பு என்று சொல்வாரோ என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். மனசு அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை, என்ன செய்வது.

"சாயங்காலம் மருந்து யாரு போடுவா?" என்றார். "உன் முகம்தான இது?"

"அது என் முகம் இல்லங்க. உங்க தோல். நீங்களே பாத்துக்கோங்க."

போகிற வழியில் ஷோகேஸைப் பார்த்தேன். அந்த இலை அதன் கறுப்போடு உள்ளே நின்றது. அவருக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாத்தனார் கையில் புண் சீக்கிரமே காய்ந்துவிட்டது. அவளுக்கு என்மேல் கோபம்தான், பேசினால் வெடுக்வெடுக்கென்றுதான் பேசுகிறாள். ஆனாலும் பெண்ணாயிற்றே, ஒரு நாள் தானாகவே போன் செய்து சொன்னாள்.

"அண்ணி, பொருக்கெல்லாம் விழுந்துடுச்சு. ஆனா மூக்கும் வாயும் ஒண்ணாப் போயிடுச்சு. பாத்தா யாருன்னே தெரியல."

அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டு, மாதக்கணக்காகப் பார்க்காத கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தேன்.

அதற்கெல்லாம் முன்பே, அக்காவின் வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமையே வாசல் அலுவலகத்தில் பாஸ் போட்டுக் கொடுத்தார்கள். கையில் இருந்தது அந்தப் போட்டோதான், ரெண்டு காதும் தெரிய, சிரிக்காமல். வேறு எடுக்க நேரமில்லை. மேசைக்காரர் அதை அட்டையில் ஒட்டி, முத்திரை குத்தி, பக்கத்தில் இருந்த மெஷினின் சுவிட்சைத் தட்டினார். பிளாஸ்டிக் சூடாகிற அந்த வாசனை மூக்கில் ஏறியது. கையை நீட்டி அட்டையை வாங்கிக்கொண்டேன்.

"லேமினேஷன் வேணாங்க. அப்படியே குடுங்க."

மழையில் நனைந்துவிடும், கசங்கிவிடும், ஆறு மாசம்கூடத் தாங்காது என்றார் அவர். நனையட்டும், வேறு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.